உருக்குத் துவிச்சக்கர வண்டி வந்த வழி



புகையிரதத்திற்கு வரலாறு எழுதியோர் பலர். கப்பலுக்கும் ஆகாய விமானத்திற்கும் பெருநூல்கள் உண்டு. ஆனால், நம் வீட்டு விறாந்தைத் தூணிற் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டென்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆசிரியரையும் தபாற்காரரையும், தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் கமக்காரரையும் அது நாள்தோறும் சுமந்து செல்கின்றது. ஓசையின்றி உழைப்பதனாற்போலும் அதனைப் பற்றிப் பேசுவார் அருகினர். உருக்கினால் ஆகிய அவ்வண்டி எவ்வாறு தோன்றியது, நாளாந்தப் போக்குவரத்திற்கும் நெடும்பயணத்திற்கும் அது எவ்வாறு தகுதி பெற்றது, இன்றும் அதனைப் பேணி வைத்திருப்பதனால் நாம் அடையும் பயன் யாது என்பனவற்றை இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

1817 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே செருமனி நாட்டு மான்கைம் நகரத்தில், கார்ல் வொன் டிறைஸ் என்பார் இரண்டு சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய மரவண்டி ஒன்றிலே அமர்ந்து, கால்களால் நிலத்தை உந்தி உந்தி ஓடிக் காட்டினார். அதற்கு மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. ஆயினும், இரு சில்லுகளின்மேல் மனிதன் விழாது நிலைத்துச் செல்லலாம் என்ற பேருண்மை அன்றே வெளிப்பட்டது. 1860 களில் பாரிஸ் நகரத்திலே முன்சில்லில் மிதி பொருத்தப்பட்டது. ஒருமுறை மிதித்தால் அச்சில்லு ஒருமுறையே சுழலும். எனவே, விரைவு வேண்டினோர் முன்சில்லைப் பெரிதாக்கிக்கொண்டே போயினர். 1870 களில் ஆளுயரச் சில்லும் அதன் உச்சியில் ஓர் இருக்கையுமாக அவ்வண்டி வளர்ந்துவிட்டது. வழியிற் கிடந்த சிறு கல்லொன்று தடுத்தாலும் ஏறியிருந்தவர் தலைகீழாக விழுவார். முதியோரும் பெண்களும் அதனை அணுகவும் அஞ்சினர்.

அத்தகைய வண்டியிலேயே ஒருவர் உலகைச் சுற்றினார் என்றால் வியப்பாக இருக்கும். தோமஸ் ஸ்ரீவன்ஸ் என்னும் அவர், 1884 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திற் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டார். மாற்றுச் சட்டை ஒன்று, காலுறைகள், இரவிற் கூடாரமாகவும் பயன்படத்தக்க ஒரு மழையங்கி, ஒரு கைத்துப்பாக்கி ஆகியவையே அவர் கொண்டுசென்ற பொருள்கள். அமெரிக்காவைக் கடந்து, பின்னர் ஐரோப்பா, துருக்கி, பாரசீகம் ஆகிய நாடுகளினூடே வந்து, இந்தியாவில் இலாகூர் முதற் கல்கத்தா வரை பெருஞ்சாலை வழியே மிதித்து, 1886 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் யப்பானின் யோக்ககாமா துறைமுகத்தை அடைந்தார். அவருடைய பயணம் அருஞ்செயலே. ஆயினும், அவரது வண்டி சாதாரண மக்களுக்கு உரியதன்று.

சாதாரண மக்களுக்குரிய வண்டி 1885 ஆம் ஆண்டிற் பிறந்தது. இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து யோன் கெம்ப் ஸ்ரார்லி என்பார், ஏறக்குறைய ஒத்த அளவுடைய இரு சில்லுகளை அமைத்து, நடுவில் மிதியை வைத்து, சங்கிலியினாற் பின்சில்லைச் சுழலச் செய்தார். பற்சக்கரங்களின் அளவை மாற்றினால் வேகம் கிடைக்கும். பேருருவச் சில்லு இனி வேண்டியதில்லை. நிலத்தை எட்டும் கால்களுடன் எவரும் அஞ்சாது ஏறத்தக்க அவ்வண்டி ‘பாதுகாப்பு வண்டி’ எனப் பெயர் பெற்றது. மூன்றாண்டு கழித்து, 1888 இல், பெல்பாஸ்ற் நகரத்திலே மிருக வைத்தியராய் இருந்த யோன் பொய்ட் டன்லொப், காற்றடைத்த இறப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். தம் சிறு மகனுடைய முச்சக்கர வண்டி கல்வீதியிற் குலுங்காது ஓடவேண்டும் என்ற தந்தையன்பே அதற்கு வித்து. இவ்விரு கண்டுபிடிப்புகளும் ஒன்று சேர்ந்ததும் இன்று நாம் அறியும் துவிச்சக்கர வண்டி உருவாகிவிட்டது. அதன் பின்னர் வந்தவை யாவும் திருத்தங்களே எனலாம்.

இனி, அதன் உடலாகிய உருக்கைப் பற்றிச் சிறிது கூறுவேன். மெல்லிய உருக்குக் குழாய்களைச் சாய்சதுர வடிவிற் பொருத்தி, மூட்டுகளிற் பித்தளையை உருக்கி ஊற்றி ஒட்டுவதே பழைய முறை. குழாய் மெலிந்தால் வண்டியின் பாரம் குறையும். ஆனால், மூட்டிலே சூடேற்றும்போது அது வலுவிழக்கும். இச்சிக்கலைத் தீர்த்தவர்கள் பேமிங்காம் நகரத்து இறெயினோல்ட்ஸ் குடும்பத்தினர். ஆணி செய்து வாழ்ந்த குடும்பம் அது. நடுவில் மெலிந்தும் இரு முனைகளில் உட்புறம் தடித்தும் அமைந்த குழாயைச் செய்யும் முறைக்கு, 1897 இல், அவர்கள் காப்புரிமை பெற்றனர். 1935 இல் மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த ‘531’ என்னும் உருக்குக் குழாயையும் வெளியிட்டனர். அதன் பின்னர் பல பத்தாண்டுகளாக, நெடும்பயணம் செல்வோர் தம் வண்டியிலே அந்த மூன்று இலக்கங்களும் பொறித்த ஒட்டுச் சீட்டு இருப்பதைப் பெருமையாகக் கருதினர்.

உருக்கிற்கு இரண்டு நற்குணங்கள் உண்டு. ஓரளவிற்கு உட்பட்ட பாரத்தை எத்தனை இலட்சம் முறை தாங்கினாலும் அது சோர்வடையாது. அலுமினியத்திற்கு அத்தகைய எல்லை இல்லை. சிறு அதிர்வுகளும் ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து அதனை இறுதியில் வெடிக்கச் செய்யும். இரண்டாவதாக, உருக்கு முறிவதற்கு முன் பெரும்பாலும் வளையும். வளைந்ததை நிமிர்த்தலாம், வெடித்ததை ஒட்டலாம். அதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. நெருப்பும் சுத்தியலும் கைத்திறனும் உள்ள ஒரு கொல்லர் போதும். நேயர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன். நான் சொல்ல வந்தவற்றுள் தலையானது இதுவே.

வண்டி பிறப்பதற்கு முன்னரே நெடுவழிப் பயணிகளின் சங்கம் பிறந்துவிட்டது. உயர்சில்லு வண்டியின் காலத்திலே, 1878 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் ஹரோகேற் நகரத்தில், துவிச்சக்கர வண்டிப் பயணிகள் தமக்கென ஒரு கழகம் அமைத்தனர். வழியிலே நம்பித் தங்கக்கூடிய விடுதிகளைத் தேர்ந்து, சிறகுடைய சில்லைச் சின்னமாக அவற்றின் முகப்பிற் பொறித்தனர். ஆபத்தான இறக்கங்களில் எச்சரிக்கைப் பலகை நாட்டினர். புகையிரதம் வந்தபின் கவனிப்பாரற்றுக் கிடந்த வீதிகளைத் திருத்த வேண்டுமென்று 1886 முதல் இயக்கம் நடத்தினர். 1888 இல் இங்கிலாந்திற் சட்டமொன்று துவிச்சக்கர வண்டியையும் ஒரு வாகனமாக ஏற்று, வீதியில் அதற்குரிய உரிமையை உறுதிப்படுத்தியது. மோட்டார் வண்டிக்கு நல்ல வீதி கேட்டவர்களுக்கு முன்னரே, மிதித்துச் சென்றவர்கள் அதனைக் கேட்டுவிட்டனர் என்பது பலரும் மறந்துபோன செய்தி.

பிரான்சு தேசத்திலே இவ்வண்டியின் வளர்ச்சிக்குப் பாடுபட்டவர் போல் த விவீ என்னும் பெரியார். ‘வெலோசியோ’ என்ற புனைபெயராலேயே உலகம் அவரை அறியும். 1853 இற் பிறந்த அவர் சாந்தெத்தியென் நகரத்திற் பட்டு வணிகராய் இருந்தார். அத்தொழிலைக் கைவிட்டுத் துவிச்சக்கர வண்டிக் கடையும், 1887 இல் ஒரு சஞ்சிகையும் தொடங்கினார். அந்நகரைச் சூழ்ந்தவை மலைகள். ஒரே பற்சக்கரத்துடன் மலை ஏறுவது முழங்காலுக்குத் தீங்கு என்பதை அவர் தம் உடலாலேயே உணர்ந்தார். ஏற்றத்திற்கு ஒரு பற்சக்கரம், சமவெளிக்கு வேறொன்று என மாற்றத்தக்க அமைப்புகளை ஆராய்ந்து, இரவு முழுவதும் மிதித்துச் சோதித்து, முடிவுகளைத் தம் சஞ்சிகையில் எழுதினார். பசிக்கு முன் உண்ணுங்கள், தாகத்திற்கு முன் அருந்துங்கள், பெருமைக்காக மிதிக்காதீர்கள் என்பன போன்ற அவருடைய அறிவுரைகள் இன்றும் நெடும்பயணிகளுக்கு வழிகாட்டுவன.

பந்தயக்காரர் அவர் சொற்கேட்கவில்லை. பிரான்சின் புகழ்பெற்ற பந்தயத்தை 1903 இல் தொடக்கிவைத்த ஒன்றி தெக்ரான்ஜ், பற்சக்கரத்தை மாற்றி ஓட்டுவது நாற்பத்தைந்து வயதைத் தாண்டியோருக்கே பொருத்தம் என்று ஏளனமாக எழுதினார். அவ்வயதைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்ட எனக்கு அவ்வசனத்தில் ஏளனம் தெரியவில்லை, உண்மையே தெரிகின்றது. 1937 இலேயே அப்பந்தயத்தில் அக்கருவி அனுமதிக்கப்பட்டது. அதற்கு ஏழாண்டு முன்னர், 1930 இல், வெலோசியோ தம் வண்டியுடன் வீதியைக் கடக்கும்போது டிராம் வண்டி மோதி இறந்துவிட்டார். வீரர்களுக்கு வேண்டாததாய் இருந்த கருவி, முதியவருக்கும் சுமை கொண்டு செல்வோருக்கும் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே வேண்டியதாய் இருந்தது. துவிச்சக்கர வண்டியின் சிறந்த திருத்தங்கள் பல, வெற்றி நாடியோரை விட நெடுந்தூரம் நாடியோரிடமிருந்தே வந்துள்ளன.

ஒருகாலத்தில் செல்வர்களின் பொழுதுபோக்காய் இருந்த வண்டி, விலை குறையக் குறையத் தொழிலாளரின் உடைமையாயிற்று. 1936 இல் பிரான்சிற் சம்பளத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறை சட்டமாகியது. அவ்வாண்டுக் கோடையிலே, தொழிற்சாலைக்கு மிதித்துச் சென்ற அதே வண்டிகளிற் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, இருவர் மிதிக்கும் வண்டிகளிற் கணவனும் மனைவியுமாக, கடலை வாழ்நாளிற் கண்டிராத பலர் கடற்கரையை நோக்கிச் சென்றனர். காலையில் வேலைக்கும் விடுமுறையில் தொலைவிற்கும் ஒரே வண்டி உதவியது.

இவ்வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. 1890 களில் வண்டிகள் பெருகியபோது டயருக்கு வேண்டிய இறப்பருக்குத் தேவை பெருகியது. கொங்கோ நாட்டுக் காடுகளில் இறப்பர் சேகரிக்குமாறு மக்கள் வதைக்கப்பட்டனர். பல்லாயிரவர் மாண்டனர். இலங்கைக்கும் இதில் ஒரு தொடர்புண்டு. 1876 இல் கியூ பூந்தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் நடப்பட்டன. முதலில் துவிச்சக்கர வண்டியும் பின்னர் மோட்டார் வண்டியும் வளர்த்த தேவையினால், களுத்துறை, கேகாலை முதலிய மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்தன. விடியற்காலை இருளிற் சென்று பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் உலகத்துச் சில்லுகளோடு சுழன்றது. வீதியில் மெத்தென்று செல்பவர் ஒருகணம் அவர்களையும் நினைத்தல் தகும்.

நெடும்பயண வரலாற்றில் மறக்கலாகாத இன்னொருவர் அயர்லாந்து நாட்டு டேர்விலா மேர்பி அம்மையார். தம் பத்தாவது பிறந்த நாளையொட்டி ஒரு துவிச்சக்கர வண்டியும் ஒரு பழைய தேசப்படப் புத்தகமும் பெற்ற அச்சிறுமி, இந்தியாவிற்கு மிதித்தே செல்வதென அப்பொழுதே உறுதி பூண்டார். நோயுற்ற தாயாரைப் பேணும் கடமை முடியும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேற் காத்திருந்து, 1963 ஆம் ஆண்டு சனவரி மாதக் கடும்பனியிற் புறப்பட்டார். அவருடைய வண்டி விலையுயர்ந்ததன்று. ஆண்கள் ஓட்டும் சாதாரண உருக்கு வண்டி. பற்சக்கரத்தை மாற்றும் கருவி ஆசிய வீதிகளிற் பழுதடையும் என்றெண்ணி அதனைக் கழற்றிவிட்டே ஏறினார். பாரசீகம், ஆப்கானித்தான், பாக்கித்தான் வழியாக ஏறக்குறைய ஆறு மாதத்தில் டில்லியை அடைந்தார். 2022 இல் அவர் மறைந்தபோதும், அவ்வண்டிக்கு அவர் இட்ட ‘றோஸ்’ என்ற செல்லப் பெயர் வாசகர் நினைவில் இருந்தது.

இனி நம் மண்ணிற்கு வருவோம். நொற்றிங்காம் நகரத்து றலி தெருவில் இருந்த ஒரு சிறு பட்டறையை, நோயுற்றிருந்து வண்டி மிதித்து நலம்பெற்ற பிராங்க் பௌடன் என்பார் 1880 களின் இறுதியில் வாங்கிப் பெருநிறுவனமாக்கினார். அத்தெருவின் பெயரே வண்டியின் பெயராகி யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் வரை வந்தது. மலையில்லாத குடாநாட்டிற்கு அது ஏற்ற வாகனம். றலி வண்டி வைத்திருப்பதென்பது ஒருகாலத்தில் குடும்பத்திற்கே ஒரு மதிப்பு. தந்தையின் வண்டி மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் சென்றது.

1990 இற்குப் பின்னர் அவ்வண்டியின் அருமை முழுவதும் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பெற்றோலும் டீசலும் வருவது தடைப்பட்டது. மோட்டார் வண்டிகள் ஒருசில மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடின. ஏனையவை கொட்டிலிற் கிடந்தன. விறகும் நெல்மூடையும் நோயாளரும் துவிச்சக்கர வண்டியிலே சென்றனர். வவுனியாவிலிருந்து வன்னிப் பாதைகளின் வழியே பொருள்களைக் கட்டி மிதித்து வந்து, கிளாலிக் கடல்நீரேரியைத் தோணியிற் கடந்த வணிகர் பலர். வானொலிக்கு வேண்டிய மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்று. அந்நாளில், வண்டியை நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுற்றுபவன் கை சோர்ந்தால் செய்தியும் நின்றுவிடும். ஒருவர் மாறி ஒருவராகச் சுற்றிச் செய்தியை முழுவதும் கேட்ட நேயர்கள், இன்று இவ்வுரையைக் கேட்போருள்ளும் இருப்பர்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். மழை பெய்துகொண்டிருந்தது. நான் அப்பொழுது புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியன். தந்தையாரின் வண்டியின் பின்னே அரிசிமூடை, நடுவிற் பாத்திரங்கள், முன்னே என் நூல்கள் சில. மிதிப்பதற்கு இடமேது? தள்ளிக்கொண்டே நடந்தோம். நாவற்குழிப் பாலத்து நெருக்கத்தில் ஒரு மாட்டு வண்டி மோதி, முன்சில்லைத் தாங்கும் கவர் வளைந்துவிட்டது. மூடையைத் தோளிற் சுமந்து, வண்டியை இழுத்துக்கொண்டு சாவகச்சேரி சேர்ந்தோம். அங்கே ஒரு மாமரத்தடியில், இடம்பெயர்ந்து வந்த முதிய கொல்லர் ஒருவர் பனங்குற்றி ஒன்றைப் பட்டடையாகக் கொண்டு அமர்ந்திருந்தார். கவரை அக்குற்றியில் வைத்து, சாக்கைச் சுற்றி, அளந்து அளந்து தட்டி நிமிர்த்தினார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். “ஊருக்குத் திரும்பி ஓடிக்கொண்டு போ தம்பி, அது போதும்” என்றார். அடுத்த ஆண்டு அவ்வண்டியிலேயே ஊர் திரும்பினேன். உருக்கின் குணத்தை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. அப்பனங்குற்றியின் அருகே கற்றேன்.

அவ்வண்டி இன்றும் ஓடுகின்றது. நாள்தோறும் வீட்டிலிருந்து பாடசாலைக்கும் அங்கிருந்து வீட்டுக்குமாகப் 14 கிலோமீற்றர் அதிலே செல்கின்றேன். போர் முடிந்தபின் ஒரு விடுமுறையில், மாங்குளத்திலும் ஹொரவப்பொத்தானையிலும் இராத்தங்கி, மூன்று நாளிற் திருக்கோணமலைக்கும் சென்று வந்ததுண்டு. குறைகளை மறைக்க விரும்பவில்லை. இத்தகைய பழைய வண்டி ஏறக்குறைய 20 கிலோகிராம் நிறையுடையது. எதிர்காற்றில் அது ஒரு சோதனை. நம் கடற்காற்று உருக்கிற்குப் பெரும் பகை. மழைக்குப்பின் துடைக்காது விட்டால் துரு உள்ளிருந்தே அரிக்கும். ஆனால், வேண்டிய பராமரிப்பு எளியது. சங்கிலிக்கு அளவாக எண்ணெய். டயருக்கு வாரம் ஒருமுறை காற்று. தளர்ந்த கம்பியை உடனே முறுக்குதல். ஆண்டிற்கு ஒருமுறை அச்சுகளைக் கழற்றிக் கழுவிக் கொழுப்பிடுதல். இருக்கையைத் தாங்கும் குழாயைக் கழற்றி, உள்ளே சிறிது எண்ணெய் விட்டால் துரு தங்காது. இவற்றைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவர் ஒரு பிற்பகலிற் கற்றுக்கொள்ளலாம். தன் உடைமையின் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்து, பழுதானதைத் தானே திருத்த வல்லவராய் இருத்தல் ஒரு கல்வியே அன்றோ?

2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருள் இன்றித் தவித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். வடக்கே 1990 களிற் கண்ட காட்சியை அப்பொழுது கொழும்பும் கண்டது. வைத்தியரும் அலுவலரும் துவிச்சக்கர வண்டியில் வேலைக்குச் சென்றனர். கடைகளில் வண்டியின் விலை மும்மடங்காய் ஏறியதாகப் பலர் முறையிட்டனர். பழைய வண்டியைப் பேணி வைத்திருந்தவர் அதனைத் துடைத்து ஏறிச் சென்றார். இரும்பு வியாபாரிக்கு நிறைக்கு விற்றவர் வருந்தினார். எரிபொருள் வந்ததும் பலர் வண்டியை மீண்டும் மூலையிற் சாத்திவிட்டனர்.

நேயர்களே, உங்கள் வீட்டு மூலையிலும் அத்தகைய ஒரு வண்டி இருக்கக்கூடும். வரும் விடுமுறை நாளில் அதனை முற்றத்திற்குக் கொணர்ந்து, துருவைத் தேய்த்து, எண்ணெயிட்டு, காற்றடித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் அதனை மூலையில் வையாது, நாளை காலை சந்தைக்கோ பாடசாலைக்கோ அதிலேயே சென்று வாருங்கள். ஓடும் வண்டியே நல்ல நிலையில் இருக்கும். மீண்டும் ஒரு நெருக்கடி வருமாயின் அது உங்களைக் கைவிடாது. வராவிடினும் நட்டம் ஒன்றுமில்லை.